சத்தத்தைக் கூட்ட வழியில்லாத கருவி

ஹெட்போனைக் கழற்றி அவள் என் கையில் கொடுத்தபோது அதன் இடது பக்கத்துப் பஞ்சு ஈரமாக இருந்தது. வியர்வை என்றுதான் நினைத்தேன். புரட்டாசி பிறந்தும் வெயில் தணியாத வருஷம் அது. வகுப்பறை மின்விசிறி அனலைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். துணியில் மஞ்சளாக ஒட்டியது. மோந்து பார்த்தேன். சீழ் வாடை.

"காது வலிக்குதாட்டி?" என்று கேட்டேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்குள் டேப்லெட்டின் திரையில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்துவிட்டது.

விளாத்திகுளத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஊர் அது. இரண்டு டீச்சர்களை வைத்து ஐந்து வகுப்பு நடத்துகிற ஒன்றியப் பள்ளிக்கூடம். அவள் இரண்டாம் வகுப்பு. நான் அந்தப் பள்ளிக்கூடத்து ஆள் இல்லை. பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், அப்பாவுக்கு மிளகாய்க் காட்டில் ஒத்தாசையாக இருந்துகொண்டு, வருகிற விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கிடைத்ததுதான் இந்த ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளர் வேலை. வளரும் நாடுகளில் பிள்ளைகளின் உடல்நலமும் படிப்பும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. எங்கள் கரிசல் பக்கத்து ஊர்கள் சிலவற்றையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

மதுரையில் ஒரு ஓட்டலில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை, சிரித்த முகம். அவர் பேசியதை ஒருவர் தமிழில் சொன்னார். டாக்டர் இல்லாத ஊர், வாத்தியார் பற்றாத பள்ளிக்கூடம், அங்கேயும் ஒரு டேப்லெட் போதும், பின்தங்குகிற பிள்ளையை விளையாட்டுப் போக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்றார். எனக்குப் புல்லரித்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே புல்லரித்தது. எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு முடித்தும் பெயரெழுதத் தெரியாத பிள்ளைகளோடு நான் படித்திருக்கிறேன். அவர்களை யாராவது இரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்திருந்தால் என்று அன்றைக்கு ஓட்டல் சோற்றைப் பிசைந்துகொண்டே நினைத்தேன்.

கருவி வேலை செய்கிற விதம் எளிது. பிள்ளையின் காதில் ஹெட்போனை மாட்டுவோம். திரையில் நான்கு படம் வரும். ஒரு பெண் குரல் "குடையைத் தொடு" என்று சொல்லும். தொட வேண்டும். போகப் போகக் கேள்வி கடினமாகும். கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் விழும். அந்த நிறம் தலைமையாசிரியையின் போனுக்குத் தானாகவே போய்விடும். இது தவிர உயரம், எடை, கைச் சுற்றளவு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எல்லாம் எடுப்போம். எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. பிள்ளை சரியாகத் தொட்டாலும் தப்பாகத் தொட்டாலும் நம் முகம் மாறக் கூடாது. சுவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை குரல் முடிவதற்குள்ளேயே எதையாவது தொட்டுவிட்டு, உடனே என் முகத்தைப் பார்த்தாள். சரியா தப்பா என்று என் முகத்தில் தேடினாள். நான் சுவராக இருந்தேன். அடுத்ததையும் அப்படியே தொட்டாள். பிறகு ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திப் பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் சத்துணவு சாப்பிட்டுவிட்டு அவள் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டு எட்டு முன்னால் போய்க் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை அவள் தோளைத் தட்டி, "ஏட்டி, உன்னயத்தான் கூப்பிடுதாவ" என்றாள். அப்போதுதான் திரும்பினாள்.

டேப்லெட்டில் பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் உண்டு, அதற்கு மதிப்பெண் கிடையாது. அவளை வேப்பமர நிழலில் உட்கார வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஹெட்போன் போடாமல், அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து நானே சொன்னேன்.

"ஆமை."

தொட்டாள்.

"அரிவாள்."

தொட்டாள்.

"தண்ணி மொண்டு குடிக்கிறது எது?"

செம்பைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடினமான படங்கள் வந்தபோதும் விரல் தயங்கவில்லை. அவள் மந்தமே இல்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடியும் சோதனை நடத்தலாம் என்று பொத்தானை அழுத்தினேன். கூடவில்லை. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். பூட்டி வைத்திருந்தார்கள்.

மதுரையில் இருந்த என் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நல்ல மனிதர்தான், கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"சத்தத்தைக் கூட்ட முடியாதும்மா. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு சத்தம் இருந்தாத்தான் ஒப்பிட முடியும்."

"கேக்காத பிள்ளைக்கு அந்த ஒரே அளவை வச்சு எதை சார் ஒப்பிடுறது?"

"புரியுதும்மா. ஆனா காது நம்ம ஆராய்ச்சியில இல்ல. ரத்தசோகை, வளர்ச்சி, படிப்பு, அவ்வளவுதான். நீங்க குறிப்புப் பெட்டியில எழுதிருங்க, மேல பாத்துக்குவாங்க."

குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். தமிழ் ஏறாது. ஆங்கிலத்தில் அடித்தேன். 'பிள்ளையின் இடது காதில்' என்பதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. காதில் என்ன என்று எழுத இடமில்லை. அப்படியே அனுப்பினேன்.

எடை பார்ப்பதற்கு மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மழை விழுந்திருந்தது. கரிசல் சேறு ஸ்கூட்டிச் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் போய் இறுகி, வண்டி நகரவில்லை. ஊர் முகப்பிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் அவள் இடத்தில் அவளைக் காணோம். அறையின் கடைசிச் சுவரோரம் மூன்று நான்கு பிள்ளைகளோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியையிடம் கேட்டேன். "ஏன் டீச்சர் அவங்களை அங்கன வச்சிருக்கீங்க?"

"சிவப்பு வந்த பிள்ளையளத் தனியா வச்சு எளிய பயிற்சி குடுக்கணும்னு சொல்லியிருக்காவ. எனக்கு இருக்குத இடம் அதுதான்."

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல டீச்சர். பின்னால வச்சா இன்னும் கேக்காது."

அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்கதானம்மா சிவப்புன்னு அனுப்புனீங்க?"

"நான் அனுப்பல டீச்சர். அது மிஷின் போட்டது."

"மிஷின இங்கன கொண்டாந்தது யாரு?"

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நடுவில் முட்டைக் கணக்கும் பார்த்துக்கொண்டு, போனில் வருகிற உத்தரவுக்கெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிற மனுஷி அவர். "அந்தப் பிள்ள சொன்னா கேக்க மாட்டா. ஒண்ணாப்புல இருந்தே அப்படித்தான்" என்றார். சொன்னா கேக்க மாட்டா. அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு அர்த்தத்தில்.

பிள்ளையின் அம்மாவைப் பார்க்காமல் ஒன்றும் நடக்காது என்று தெரிந்தது. அவர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். பருத்தி எடுக்கிற காலத்தில் மட்டும் காட்டு வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய்கிற நேரத்தில் கண்மாய்க் கரையில் இறக்கிவிடும். நான் அங்கே போய் நின்றேன். வேனிலிருந்து இறங்கியவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ரத்தம் எடுக்க வருத கூட்டந்தான நீங்க?"

"ஆமாக்கா. உங்க பிள்ள விஷயமா..."

"அவளுக்கு என்ன? மந்தம்னு எழுதிட்டீங்களாமே. பெரிய டீச்சர் சொன்னாவ."

"மந்தம் இல்லக்கா. அவளுக்குக் காது கேக்கல. சீழ் வடியுது."

அவர் சாப்பாட்டு வாளியைக் கீழே வைத்தார். "டீச்சர், நான் கேக்குதேன்னு தப்பா நெனைக்காதீங்க. ரத்தம் எடுத்தீங்க. எடை போட்டீங்க. கைய அளந்தீங்க. வீட்டுக்கு வந்து என்ன சாப்பிடுதான்னு கேட்டீங்க, கக்கூஸ் இருக்கான்னு கேட்டீங்க, டி.வி. இருக்கான்னு கேட்டீங்க. காதுக்குள்ள ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"கைப்பிள்ளையில இருந்தே வடியுது. சளி பிடிச்சா வடியும், பெறகு நின்னுரும். பூண்டு போட்டு எண்ணெய் காச்சி விடுவேன். எல்லாப் பிள்ளைக்கும் வருததுதானன்னு இருந்துட்டேன்." பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "காது கேக்கலன்னா சொல்லுதீங்க? சுத்தமாவா?"

"கிட்டத்துல சத்தமாப் பேசினாக் கேக்குது. தள்ளி நின்னு பேசினாக் கேக்கல."

அவர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட வந்த பெண்கள் போய்விட்டார்கள். "சொல்பேச்சு கேக்க மாட்டேங்காளேன்னு அந்தப் பிள்ளைய நான் என்ன அடி அடிச்சிருக்கேன் தெரியுமா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்மாயில் புதுத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா? நான் கூட வாரேன்" என்றேன்.

"லீவு சொல்லணும்" என்றார். பிறகு, "சொல்லுதேன்" என்றார்.

ஆராய்ச்சியில் சேர்ந்த பிள்ளைகளைப் பணியாளர்கள் எங்கேயும் அழைத்துப் போகக் கூடாது என்று விதி இருந்தது. நான் சொந்த வேலை என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். முதல் தடவை போன ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அன்றைக்கு வரமாட்டார் என்றார்கள். எந்தக் கிழமை வருவார் என்று கேட்டோம். ஒரு ஜன்னலில் ஒரு கிழமையும் இன்னொரு ஜன்னலில் வேறு கிழமையும் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து போட்டிருப்பேன்.

அடுத்த தடவை டாக்டர் இருந்தார். நெற்றியில் விளக்கு மாட்டியிருந்த நடுவயதுப் பெண். பிள்ளையின் காதுக்குள் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். பஞ்சு மாற்றி மாற்றி வந்தது. பிள்ளை அழவில்லை, தன் அம்மாவின் சேலை முந்தானையை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் விட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆமாம்மா. பூண்டெண்ணெய்."

"செவிப்பறையில ஓட்டை இருக்கு. அதுக்குள்ள எண்ணெய ஊத்தினா எப்படி ஆறும்? இனிமே எண்ணெயும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். குளிக்கும்போது காதை அடைச்சிரணும். கண்மாயில முங்கக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு, டீச்சரா?" என்று கேட்டார்.

பிள்ளைகளின் உடல்நல ஆராய்ச்சியில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

"உங்க ஆராய்ச்சியில காது பாக்கலையா?" என்றார். இந்தக் கேள்வியை யார் யாரோ என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்கள் மட்டும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற சோதனைக்கு இன்னொரு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே மிஷின் பழுது. அங்கிருந்து வேறொரு ஆஸ்பத்திரி. கடைசியில் ஒரு நாள், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்தார்கள். சோதித்த இளைஞன் சொன்னான், "சத்தம் கேட்டா கையத் தூக்கணும், சரியா?" மெல்ல ஆரம்பித்தான். அவள் சும்மா இருந்தாள். கொஞ்சம் கூட்டினான். சும்மா இருந்தாள். இன்னும் கூட்டினான். கை மெல்ல மேலே போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கருவியில் பூட்டி வைத்திருந்த அந்த ஒரு காரியம், சத்தத்தைக் கூட்டுவது, இங்கே அதுதான் சோதனையே. எனக்கு அந்த இடத்தில் அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது.

இடது காதில் ரொம்பக் குறைவு, வலதில் ஓரளவு. காது காய்ந்து சில மாதம் வடியாமல் இருந்தால் இடது காதில் ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைக்கலாம், காப்பீட்டு அட்டையில் செய்துகொள்ளலாம் என்றார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு தலைமையாசிரியையிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய், பிள்ளையின் பையை எடுத்து முன்வரிசையில் தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். "இத யாராவது எனக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். "சிவப்ப மாத்திருங்க. ஒவ்வொரு மாசமும் அந்தச் சிவப்புக்கு நான் என்ன செஞ்சேன்னு கேட்டு மெசேஜ் வருது."

அதை மாற்றத்தான் நான் படாத பாடு பட்டேன். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். நிறம் அனுப்புகிற வேலை வேறொரு கம்பெனியுடையதாம், ஒரு தடவை விழுந்த நிறத்தை அந்த வருஷம் முடியும்வரை மாற்ற வழியில்லையாம். ஆனால் விஷயம் மேலே போயிருந்தது. ஒரு நாள் பேராசிரியை கலந்துகொண்ட வீடியோ கூட்டத்தில் என்னையும் சேர்த்தார்கள். வீட்டில் சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடியில் மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்த இடத்துக்கு நடுவே உட்கார்ந்து, நெடி ஏறித் தும்மிக்கொண்டே பேசினேன்.

பேராசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மிக முக்கியமான கவனிப்பு என்றார். எனக்கு நன்றி சொன்னார். மனசாரச் சொன்னார், அதில் சந்தேகமில்லை. பிறகு முடிவு எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் சோதனை செல்லாது, ஆகவே அவளைத் தரவிலிருந்து நீக்கிவிடலாம்.

"நீக்கிவிடலாமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, இல்லன்னா முடிவு தப்பா வரும்" என்று மேற்பார்வையாளர் விளக்கினார்.

"மத்த சிவப்புப் பிள்ளைங்க சார்? அவங்களுக்கும் காது வடிஞ்சா? ஒரே ஒரு கேள்வி சேத்துட்டா போதுமே, காதுல சீழ் வருதான்னு."

புதிதாக ஒரு கேள்வி சேர்ப்பதென்றால் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் களப்பணியே முடிந்துவிடும் என்றார்கள். அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்பதற்கு அனுமதி வேண்டும், சரி. இத்தனை நாள் கேட்காமல் விட்டதற்கு யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. அப்போது தோன்றவில்லை. போன் அணைந்த பிறகு, வத்தலைக் கூட்டி அள்ளும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான், வாய் வர வேண்டிய நேரத்தில் வராது.

அப்பா கீழே சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்றார். சொன்னேன். "நம்ம காட்டையுந்தான் வருசா வருசம் அதிகாரிமாரு வந்து போட்டோ புடிச்சிட்டுப் போறாவ. பயிரு காஞ்சத போட்டோ புடிச்சா மழையா பெய்யுது?" என்று சொல்லிவிட்டு ஊசியில் சணலைக் கோத்தார். அவரோடும் சண்டை போட்டேன். அதுவும் இதுவும் ஒன்றில்லை என்றேன். ராத்திரி சாப்பாடுவரை அவரிடம் பேசவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் சோதனை முடிந்ததும் நானாகவே கேட்க ஆரம்பித்தேன். "யாருக்காவது காது வடியுமா?" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்தார்கள். "இவனுக்கு நாறும் டீச்சர்!" என்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் யாராவது இருந்தார்கள். டீச்சர்கள், "ஆமா, குளிர் காலத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அம்மாக்களைப் பார்த்துச் சொன்னேன். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பலருக்கு லீவு கிடைக்கவில்லை. இது எப்படியோ மதுரைக்குத் தெரிந்துபோனது.

மேற்பார்வையாளர் நேரில் வந்தார். டீக்கடையில் வைத்துப் பேசினார். "விதியில இல்லாததை செய்யாதீங்கம்மா. சில ஊர்ல நீங்க கேட்டு, சில ஊர்ல கேக்காம விட்டா, நம்ம ஆராய்ச்சியே கெட்டுப்போகும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. நான் வேணும்னேவா உங்களைத் தடுக்கிறேன்?" அவர் டீ ஆறிப்போனது. அவர் பேசியதும் ஒரு விதத்தில் சரிதான். ஆளுக்கு ஆள் சரியாகத்தான் இருந்தார்கள். அந்தச் சரியெல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையைச் சுவரோரத்தில் கொண்டு போய் உட்கார வைத்தது.

திட்டம் முடிந்தபோது அதே ஓட்டலில் நிறைவுக் கூட்டம் நடந்தது. திரையில் புள்ளிகளும் கோடுகளும் ஓடின. பின்தங்கும் அபாயமுள்ள பிள்ளைகளை டேப்லெட் நன்றாகவே அடையாளம் காட்டுகிறது என்பது முடிவு. கேள்வி நேரத்தில் எழுந்தேன். இந்தத் தடவை வாய் வந்தது. "அடையாளம் காட்டின பிள்ளைகள்ல எத்தனை பேருக்குக் காது கேக்கலன்னு நமக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல கேள்வி, அடுத்த கட்டத்துக்கான கேள்வி என்று பதில் வந்தது. பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வேலை நீட்டிப்பு கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு முழுப்பரீட்சை லீவில் ஆபரேஷன் என்று வைத்திருந்தார்கள். சளி பிடித்துக் காது மறுபடி வடிந்ததால் தள்ளிப்போனது. அப்புறம் ஒரு வழியாக நடந்தது. ஓட்டை அடைந்தது. முழுசாக இல்லாவிட்டாலும் கேட்கிறது, தெருவில் நின்று கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து "என்னம்மா?" என்கிறாளாம். ஆனால் படிப்பில் போன வருஷங்கள் போனதுதான். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக் கூட்டத் தடுமாறினாள். நான் இப்போது கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஊருக்குப் போய்ப் படிக்க வைப்பதுண்டு. "பள்ளம்" என்பதை "பல்லம்" என்பாள். மறுபடி சொல்லச் சொன்னால் எரிச்சலாகிப் புத்தகத்தை மூடிவிட்டு ஆட்டுக்குட்டியைப் பிடிக்க ஓடிவிடுவாள். ஒன்றும் அதிசயம் நடந்துவிடவில்லை. அவள் கெட்டிக்காரி, கோபக்காரி. பிந்திப்போனவள், அவ்வளவுதான். பிந்த வைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் அந்தக் குழந்தையின் தாய், சின்ன வயசுப் பெண், பக்கத்து வீட்டுக்காரியாம். குழந்தையின் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"இவ எண்ணெய் விடப் போனா டீச்சர். நான்தான் கையப் புடிச்சித் தடுத்துக் கூட்டியாந்தேன்" என்றார்.

"டாக்டர் பாத்தாங்களா?"

"எங்க பாக்க? காது டாக்டரு பயிற்சிக்குப் போயிருக்காவளாம். அடுத்த வாரம் வரச் சொல்லுதாவ. இவளுக்கு அடுத்த வாரம் லீவு தர மாட்டாவ. எனக்கும் தர மாட்டாவ."

தனியார் டாக்டரிடம் போகலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சின்னப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டில் கேட்க வேண்டும் என்றாள். விளாத்திகுளம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் அடித்தார்.

"அடுத்த வாரம் நான் தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"உங்களுக்கு லீவு தருவாவளா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே அவர் படியேறினார். எனக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.